எண்ணிக்கையும் லாபமும்: இந்தியக் கைபேசிச் சந்தையின் முப்பது ஆண்டுகள்

2024-25 நிதியாண்டில் ரிலையன்ஸ் ஜியோவை உள்ளடக்கிய ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனம் 26,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் ஈட்டியது. அதே ஆண்டில், அதே நாட்டில், ஏறத்தாழ அதே கட்டணத்துக்கு அதே சேவையை விற்ற வோடஃபோன் ஐடியா 27,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்டது. ஒரு தொழிலில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றுள் எவை பெரியவை, எவை சிறியவை, புதிதாக ஒருவர் நுழைவது எளிதா அரிதா என்பவற்றின் தொகுப்பைப் பொருளியலார் சந்தைக் கட்டமைப்பு என்று அழைக்கின்றனர். அந்தக் கட்டமைப்பே நிறுவனங்களின் லாபத்தை நிர்ணயிக்கிறது என்பது கல்லூரிப் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட கருத்து. அது முழுவதும் சரியென்றால், ஒரே கட்டமைப்புக்குள் இயங்கும் இரு நிறுவனங்களுக்கிடையே 50,000 கோடி ரூபாயைத் தாண்டிய இடைவெளி எப்படி விழுந்தது என்பதற்கும் அது விடை சொல்லியாக வேண்டும்.

இக்கருத்தின் வரலாறு 1930களின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், எட்வர்ட் மேசனிடம் தொடங்குகிறது. கட்டமைப்பு நடத்தையை நிர்ணயிக்கும், நடத்தை விளைவை நிர்ணயிக்கும் என்ற அவரது சட்டகத்தை ஜோ பெயின் 1951இல் அமெரிக்கத் தொழில்களின் கணக்குகளைக் கொண்டு சோதித்து, விற்பனையின் பெரும்பகுதி சில நிறுவனங்களிடம் குவிந்துள்ள தொழில்களில் லாப விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். இதற்கு எதிர்வாதம் சிகாகோ மரபிலிருந்து வந்தது. திறமையான நிறுவனம் குறைந்த செலவில் உற்பத்தி செய்வதால் வளர்கிறது, அதனாலேயே லாபமும் ஈட்டுகிறது. ஆகவே குவிதல் லாபத்துக்குக் காரணம் அன்று, இரண்டுமே திறமையின் விளைவுகள் என்று ஹெரால்ட் டெம்செட்ஸ் 1973இல் வாதிட்டார். தொழிலின் தன்மையே லாப வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்று 1985இல் ரிச்சர்ட் ஷ்மாலன்சியும், தொழிலைவிட அதற்குள் இருக்கும் தனித்தனி நிறுவனங்களின் தன்மையே பல மடங்கு விளக்குகிறது என்று 1991இல் ரிச்சர்ட் ரூமெல்ட்டும் கண்டதில், வழக்கு இன்றுவரை முடிவுக்கு வராமல் நிற்கிறது. இந்தியக் கைபேசிச் சேவை அந்த வழக்குக்குக் கிடைத்த அரிய சாட்சி. இருவரில் தொடங்கிப் பன்னிருவர்வரை பெருகி, பின்னர் மூன்று தனியாரும் ஓர் அரசு நிறுவனமுமாகச் சுருங்கிய அதன் பயணம் முழுவதும் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்டது.

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை அடுத்து நாடு பல சேவை வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டத்துக்கு இரண்டு நிறுவனங்கள் என்ற அளவில் உரிமம் வழங்கப்பட்டது. சென்னையில் ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும் அந்த இருவர். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது தொடங்கிய இச்சேவையில், நிமிடக் கட்டணம் 16 ரூபாய் அளவில் இருந்தது; வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இருவர் மட்டுமே விற்கும் சந்தை, எட்டாத உயரத்தில் விலை, மூன்றாமவர் நுழையச் சட்டத்தின் தடை என்று பெயினின் சட்டகம் கேட்கும் எல்லாமே அமைந்திருந்தும், அந்நிறுவனங்கள் லாபத்தில் கொழிக்கவில்லை. பல நிறுவனங்கள் உரிமக் கட்டணத்தையே செலுத்த முடியாமல் திணறின. போட்டியில்லாச் சந்தையில் கிடைக்கப்போகும் லாபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதை ஏலத்தொகையாக அரசிடம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்ததே காரணம். முற்றுரிமை லாபம் இல்லாமல் போகவில்லை. அது உருவாவதற்கு முன்பே கருவூலத்தின் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது. 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை நிலையான உரிமக் கட்டணத்தைக் கைவிட்டு, வருவாயில் ஒரு பங்கு என்ற முறைக்கு மாறிய பின்னரே தொழிலுக்கு மூச்சு வந்தது.

அதன்பின் நடந்தது பாடநூலுக்கு நேர்மாறானது. அரசு நிறுவனங்கள் மூன்றாவதாகவும் புதிய தனியார் ஒருவர் நான்காவதாகவும் நுழைந்தனர். 2002 இறுதியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வேறொரு தொழில்நுட்பத்துடன் வந்து விலையை உடைத்தது. 2003இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, வரும் அழைப்பு இலவசமானது. போட்டியாளர் கூடினர், விலை சரிந்தது, ஆனால் லாபம் உயர்ந்தது. 2000 மார்ச்சில் 20 லட்சத்தை எட்டாதிருந்த கைபேசி இணைப்புகள் 2010 மார்ச்சில் 58 கோடியாயின என்பதே இதற்கு முதல் விளக்கம்: விலை குறையும்தோறும் சந்தை அதைவிட வேகமாக விரிந்தது. இரண்டாவது விளக்கம் டெம்செட்ஸ் பக்கம் சாய்கிறது. ஏர்டெல் 2004இல் தன் வலையமைப்பின் பராமரிப்பை எரிக்சனிடமும் கணினிப் பணிகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்து, முதலீட்டுச் சுமையைப் பயன்பாட்டுக்கேற்ற செலவாக மாற்றிக்கொண்டது. 2007இல் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்று போட்டியாளர்களும் இணைந்து இண்டஸ் டவர்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, கோபுரங்களைப் பகிர்ந்துகொண்டனர். கடையில் மோதிக்கொண்டே கிடங்கைப் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய ஏற்பாடுகளைக் கட்டமைப்பைப் பற்றிய எளிய கோட்பாடுகள் கணக்கில் கொள்வதே இல்லை. 2009-10இல் ஏர்டெல்லின் நிகர லாபம் சுமார் 9,000 கோடி ரூபாயாக இருந்தது.

2008 ஜனவரியில் ஒரே வீச்சில் வழங்கப்பட்ட 122 புதிய உரிமங்கள் பின்னர் ஊழல் வழக்காகவே நினைவில் நின்றுவிட்டன. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. சந்தைக் கட்டமைப்பின் கோணத்தில் அந்த நான்கு ஆண்டுகள் தனியே ஆராயத் தக்கவை. சந்தை எந்த அளவுக்குச் சிலர் கையில் குவிந்துள்ளது என்பதை அளக்க ஹெர்ஃபிந்தால் குறியெண் என்ற கணக்கு உண்டு; ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் சதவீதமாக எடுத்து, அதன் வர்க்கத்தைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது அந்த எண். ஒருவரே விற்கும் சந்தையில் அது 10,000. பன்னிரண்டு சமநிலை நிறுவனங்கள் இருந்தால் 833. அமெரிக்க அரசின் 2023ஆம் ஆண்டு இணைப்பு வழிகாட்டி 1,800ஐத் தாண்டும் சந்தையை மிகக் குவிந்தது என்று வகைப்படுத்துகிறது. 2010ஐ ஒட்டி ஒரு வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள்வரை போட்டியிட்ட இந்தியச் சந்தை உலகிலேயே மிகவும் சிதறிய கைபேசிச் சந்தைகளுள் ஒன்றாக இருந்தது.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே விலையை வீழ்த்தியது என்று கொள்வதற்கில்லை. திமோதி பிரெஸ்னஹானும் பீட்டர் ரைஸும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் 202 தனித்த சிற்றூர்களில் மருத்துவர், பல் மருத்துவர், மருந்துக் கடைக்காரர் போன்றோரின் எண்ணிக்கையை ஆராய்ந்து, இரண்டாமவரும் மூன்றாமவரும் வருவதால் நேரும் மாற்றமே பெரிது, மூவர் முதல் ஐவர் வரை வந்தபின் அடுத்து வருபவரால் போட்டியின் கடுமை பெரிதாகக் கூடுவதில்லை என்று கண்டனர். அதன்படி பார்த்தால் ஆறாவதாகவும் ஏழாவதாகவும் வந்தவர்களால் இந்தியாவில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஆனால் மாறியது. 2009 ஜூனில் தென்னிந்தியாவில் சேவையைத் தொடங்கிய டாட்டா டொகோமோ நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணத்தை அறிவித்தவுடன், சில மாதங்களுக்குள் எல்லா நிறுவனங்களும் அதே முறைக்கு மாற வேண்டியதாயிற்று. எத்தனையாவதாக வந்தார் என்பதைவிட, வந்தவரிடம் இழக்க என்ன இருந்தது என்பதே இங்கு முக்கியம். பத்துக் கோடி வாடிக்கையாளரைக் கொண்ட நிறுவனம் ஒரு புதியவரை ஈர்க்கக் கட்டணத்தைக் குறைத்தால், ஏற்கெனவே கூடுதல் கட்டணம் செலுத்திவரும் பத்துக் கோடிப் பேரிடமும் அந்த வருவாயை இழக்கிறது. வாடிக்கையாளரே இல்லாத நிறுவனத்துக்கு அந்த இழப்பு கிடையாது. விலைப் போரை எப்போதும் வெறுங்கையுடன் வருபவரே தொடங்குகிறார் என்பது இச்சந்தையில் இருமுறை மெய்ப்பட்டது.

விலை எவ்வளவு தூரம் விழக்கூடும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் இருவரின் தகராறு இன்றும் உதவுகிறது. அந்துவான் கூர்னோ 1838இல், உற்பத்திச் செலவே இல்லாத இரண்டு கனிம நீரூற்றுகளின் உரிமையாளர்களை எடுத்துக்கொண்டு, இருவரும் விற்கும் அளவை நிர்ணயித்தால் விலை முற்றுரிமை விலையைவிடக் குறையும், ஆனால் பூஜ்ஜியம் ஆகாது என்று நிறுவினார். அளவை அன்று, விலையையே இருவரும் நிர்ணயிக்கின்றனர் எனக் கொண்டால், ஒருவரை ஒருவர் கீழறுத்து விலை செலவின் மட்டத்துக்கே இறங்கிவிடும் என்று 1883இல் ஜோசப் பெர்த்ரான் மறுத்தார். இன்னுமோர் அலகு விற்கக் கூடுதலாக ஆகும் செலவு இறுதிநிலைச் செலவு எனப்படும். கோபுரமும் இழைவடமும் அலைக்கற்றையும் வாங்கி முடித்த நிறுவனத்துக்கு இன்னொரு நிமிடப் பேச்சின் இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கூர்னோ கற்பனை செய்த நீரூற்றுக்கு இதைவிட நெருங்கிய உண்மைத் தொழில் ஒன்றைக் காண்பது கடினம். விலை இறுதிநிலைச் செலவை நோக்கி விழுந்தால், திரும்பப் பெற முடியாதபடி ஏற்கெனவே மூழ்கிவிட்ட பல்லாயிரம் கோடி முதலீட்டை யாரும் மீட்க இயலாது. ஆகவே இப்படிப்பட்ட தொழிலில் பலர் நீடித்திருப்பது நிலையற்ற சமநிலை. மூழ்கிய செலவு எவ்வளவு என்பதே எத்தனை பேர் பிழைப்பர் என்பதை நிர்ணயிக்கிறது என்று ஜான் சட்டன் 1991இல் விரித்துரைத்த வாதம் இதனோடு பொருந்துகிறது. கட்டமைப்பு லாபத்தை உண்டாக்குவதைப் போலவே, லாபமின்மையும் கட்டமைப்பை உண்டாக்குகிறது.

மூழ்கிய செலவை மேலும் பெருக்கியது அரசின் ஏலம். 2010இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றைக்கு 67,719 கோடி ரூபாயும் அகல்பட்டை அலைக்கற்றைக்குச் சுமார் 38,500 கோடி ரூபாயும் வசூலாயின. ஒருபுறம் பன்னிருவரின் விலைப் போர், மறுபுறம் ஏலத்துக்காக வாங்கிய கடன். ஏர்டெல்லின் நிகர லாபம் 2012-13இல் சுமார் 2,300 கோடியாகச் சுருங்கியதில் ஆப்பிரிக்காவில் அது வாங்கிய நிறுவனங்களின் கடனுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது.

அந்த 2010 ஏலத்தில் நாடு தழுவிய அகல்பட்டை அலைக்கற்றையை 12,848 கோடி ரூபாய்க்கு வென்ற சிறு நிறுவனத்தை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் உடனே கையகப்படுத்தியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1,50,000 கோடி ரூபாய் அளவிலான முதலீட்டுடன், 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவையைத் தொடங்கியது. 2017 மார்ச் இறுதிவரை எல்லாமே இலவசம். 170 நாட்களில் பத்துக் கோடி வாடிக்கையாளர்கள். முன்னவர்களின் வருவாயில் பெரும்பகுதி குரல் அழைப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது; நான்காம் தலைமுறை வலையமைப்பை மட்டுமே வைத்திருந்த ஜியோவுக்குக் குரலும் தரவுத் துணுக்குதான், அதற்குத் தனிக் கட்டணம் வாங்க வேண்டிய தேவையே இல்லை. எதிராளியின் முதன்மை வருவாயையே இலவசமாக்கும் வாய்ப்பு ஒரு நுழைவாளருக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஒரு ஜிபி தரவுக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்த நாடு இரண்டே ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு வந்தது. 2018 மார்ச்சுடன் முடிந்த காலாண்டில் ஏர்டெல்லின் நிகர லாபம் 83 கோடி ரூபாய்.

போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் செலவுக்குக் கீழே விற்பதைக் கொன்றழிக்கும் விலையிடல் என்பர்; இந்தியப் போட்டிச் சட்டம் அதை ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் செய்தால் மட்டுமே குற்றமாகக் கொள்கிறது. இலவசச் சேவைக்கு எதிரான ஏர்டெல்லின் புகாரை 2017 ஜூனில் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தபோது, அப்போதுதான் நுழைந்த ஜியோவுக்கு ஆதிக்க நிலை இல்லை என்பதே காரணமாக இருந்தது. சட்டத்தின் சொற்படி அது சரியான முடிவு. ஆனால் சந்தைப் பங்கை முதன்மையாகக் கொண்டு வலிமையை அளக்கும் பார்வை, வேறொரு தொழிலின் லாபத்தைக் கொண்டு பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கக்கூடிய நுழைவாளரைக் காணக் கண்ணற்றது. பெயின் நுழைவுத் தடைகளைப் பற்றி 1956இல் எழுதியபோது, உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரைத் தடுப்பதையே ஆராய்ந்தார். வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவர்களைவிடப் பெரியவராக இருக்கும் நிலை அவர் சட்டகத்தில் ஓரத்தில்கூட இல்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் குரல் சேவையை நிறுத்தியது. டெலினாரின் இந்தியத் தொழிலும் டாட்டாவின் கைபேசித் தொழிலும் ஏர்டெல்லிடம் சேர்ந்தன. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாயின. தமிழ்நாட்டில் 1999இல் பிறந்து, இங்கேயே வலுவாக வேரூன்றியிருந்த ஏர்செல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்ததை அடுத்து, 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு தாக்கல் செய்தது. அந்த மாதத்தில் அலைவரிசை அற்றுப்போன எண்களை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முயன்று தமிழகமெங்கும் மக்கள் அலைந்ததை இங்குள்ள வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மலிவான கட்டணத்தின் விலையை யார் கொடுத்தனர் என்ற கேள்விக்கு இந்த வெளியேற்றங்களில் விடை இருக்கிறது: பங்குதாரர்கள் ஒரு பகுதி, வேலையிழந்த ஊழியர்கள் ஒரு பகுதி, கடன் கொடுத்து மீட்க முடியாத வங்கிகள், அதாவது பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளின் வைப்பாளர்களும் வரி செலுத்துவோரும், மீதிப் பகுதி.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வரலாம். 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம், அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கைக் கணக்கிடும்போது தொலைத்தொடர்பு சாராத வருவாயும் சேரும் என்று தீர்ப்பளித்ததால், பழைய நிறுவனங்கள் மேல் ஆண்டுக்கணக்கான நிலுவையும் வட்டியும் அபராதமும் விழுந்தன. அந்தச் சுமையையும் சேர்த்து, 2019 செப்டம்பருடன் முடிந்த காலாண்டுக்கு வோடஃபோன் ஐடியா காட்டிய 50,921 கோடி ரூபாய் நட்டம் இந்திய நிறுவன வரலாற்றில் அதுவரை கண்டிராதது. ஏர்டெல்லின் நட்டம் 23,045 கோடி. 2016இல் வந்த ஜியோவுக்குப் பழைய ஆண்டுகளே இல்லாததால் நிலுவையும் சொற்பம். அதே காலத்தில் ஜியோவின் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலான கடன் பொறுப்புகள் தாய் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. 2020இல் ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்டோருக்குப் பங்குகளை விற்று 1,52,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. வோடஃபோன் ஐடியாவின் ஆண்டு வருவாய் 2024-25இலும் 43,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அன்றாடச் செலவுகள் போக மிச்சமும் விழுந்தது. அந்த மிச்சத்தை வட்டியும் தேய்மானமும் விழுங்கி நட்டமாக மாற்றின. ஆக, இரு நிறுவனங்களின் இடைவெளியில் திறமையின் பங்கு இல்லாமல் இல்லை என்றாலும், சந்தைக்குள் யார் எந்த ஆண்டில் வந்தார், அவருடைய கடனை யார் சுமக்கிறார் என்பவற்றின் பங்கே பெரிது. பெயினின் வாதமும் டெம்செட்ஸின் வாதமும் இரண்டுமே கணக்கில் கொள்ளாத மூன்றாவது காரணி இது.

கட்டமைப்பு சுருங்கியதன் விளைவு விலையில் தெரிய அதிக காலம் ஆகவில்லை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை ஆகிய மூன்று முறையும் தனியார் நிறுவனங்கள் மூன்றும் சில நாட்கள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின; 2024இல் அந்த இடைவெளி ஒருநாள் அளவுக்குச் சுருங்கியது. இது கூட்டுச்சதி என்று சொல்ல ஆதாரம் தேவை. சிமென்ட் தொழிலில் விலையையும் உற்பத்தியையும் பேசி வைத்து நிர்ணயித்ததாக 2012இல் போட்டி ஆணையம் முடிவுக்கு வந்து 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்கள் அதன் முடிவுக்கு ஆதாரமாயின. கைபேசித் துறையில் அப்படிப்பட்ட கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. விற்போர் சிலரே உள்ள சில்லோர் முற்றுரிமைச் சந்தையில், கட்டணங்கள் எல்லோர் கண்முன்னும் வெளியிடப்படும் நிலையில், ஒருவர் உயர்த்தினால் மற்றவர் பின்தொடர்வர் என்ற எதிர்பார்ப்பே போதுமானது. எல்லோரிடமும் பெரும் வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது. வெறுங்கையுடன் நிற்பவர் யாருமில்லை. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் சில மாதங்கள் வாடிக்கையாளர்கள் அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் பக்கம் சாய்ந்தனர்; ஆனால் நான்காம் தலைமுறைச் சேவையே முழுமையாக எட்டாத அந்நிறுவனத்தால் அந்த அலையைத் தக்கவைக்க இயலவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் காலாண்டில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதந்தோறும் கிடைக்கும் சராசரி வருவாய் ஏர்டெல்லுக்கு 233 ரூபாயாகவும் ஜியோவுக்கு 195 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 தொடக்கத்தில் ஜியோ 40, ஏர்டெல் 33, வோடஃபோன் ஐடியா 18, பிஎஸ்என்எல் 8 சதவீதம் என்ற அளவில் சந்தை பங்கிடப்பட்டிருந்தது. ஹெர்ஃபிந்தால் குறியெண் 3,000ஐத் தாண்டிவிட்டது.

இந்த நால்வரும் நால்வராக நிற்பதே சந்தையின் செயல் அன்று. 2021 செப்டம்பரில் அரசு நிலுவைகளைச் செலுத்த நான்கு ஆண்டுகள் அவகாசம் அளித்தது. பின்னர் வோடஃபோன் ஐடியாவின் வட்டி நிலுவையை 2023 பிப்ரவரியிலும், அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாயை 2025 ஏப்ரலிலும் பங்குகளாக மாற்றிக்கொண்டு, ஏறத்தாழ 49 சதவீதம் வைத்திருக்கும் மிகப் பெரிய பங்குதாரராயிற்று. பிஎஸ்என்எல்லின் உரிமையாளரும், அலைக்கற்றையை ஏலம் விடுபவரும், வோடஃபோன் ஐடியாவின் கடன்காரரும், அதன் முதற்பெரும் பங்குதாரரும் ஒருவரே. மூன்றாவது தனியார் நிறுவனம் மூடப்பட்டால் எஞ்சுவது இருவரின் சந்தை என்ற அச்சமே இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம்; அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் போட்டியாளர் விலையைக் கீழே இழுக்கும் போட்டியாளர் அல்லர். கட்டண உயர்வு பிற இருவரைவிட அவருக்கே அதிகம் தேவைப்படுகிறது.

புதியவர் ஒருவர் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இடையில் ஒருமுறை எழுந்தது. ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றைக்காக 2022இல் நடந்த, 1,50,000 கோடி ரூபாயைத் தாண்டிய ஏலத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகியவற்றோடு முதல்முறையாக அதானி குழுமமும் பங்கேற்று, தமிழ்நாடு உட்பட ஆறு வட்டங்களில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸை 212 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தன் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்குமான தனி வலையமைப்புக்கே அது என்று அக்குழுமம் சொன்னபோதும், அது இன்னொரு விலைப் போருக்கு ஆயத்தமாகிவிட்டதாகப் பங்குச் சந்தை அஞ்சியது. 2025 ஏப்ரலில் அந்த 400 மெகாஹெர்ட்ஸின் பயன்பாட்டு உரிமையையும் ஏர்டெல்லுக்கு மாற்றித்தர ஒப்பந்தம் கையெழுத்தானது.